குக்கரும் காரும் ஒன்றுதான்!

"சாம்பாரும் சட்னியுமாக இருப்பவள் ரேடியேட்டரைப் பற்றி எழுத வந்துவிட்டாளே!" என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. போன சித்திரை வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். உச்சி வெயில். எங்கள் பழைய காரின் சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி. வண்டியை ஓரம் கட்டியதும், கல்லூரியில் படிக்கும் என் மகன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனான். எனக்கு எப்படித்தான் தோன்றியதோ, "டேய், கையை எடுடா! பிரஷர் இறங்காம குக்கரைத் திறப்பியா?" என்று கத்திவிட்டேன்.

அந்தக் கத்தல்தான் அவன் முகத்தைக் காப்பாற்றியது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் 120 டிகிரி வரை சூடேறும். ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான் அழுத்தத்தை அடக்கி வைக்கிறது. சூட்டோடு திறந்தால் உள்ளே இருப்பது சீறிக்கொண்டு முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, இன்ஜின் நன்றாக ஆறியபின் தண்ணீர் ஊற்றி, பொங்கல் வைக்காமலே வீடு திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை என் சித்தப்பா வந்தார். பஸ் பணிமனையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். "தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டிருக்கும்மா, கழற்றிப் பார்ப்போம்" என்றார்.

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினுக்கு வாசல் கதவு மாதிரி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும். பல கார்களில் சுமார் 82 டிகிரி வந்ததும், அதனுள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். சுடுநீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறும். நாங்கள் வருஷக்கணக்காக ஊற்றிய போர் தண்ணீரின் உப்பு, வெந்நீர்த் தவலையில் படிவது போலப் படிந்து, கதவைத் திறக்க விடாமல் செய்துவிட்டது.

ஆறிய இன்ஜினிலிருந்து தண்ணீரை வடித்து, கிளிப்பைத் தளர்த்தியாயிற்று. ரப்பர் ஹோஸ் அசையவே இல்லை. மகன் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினான். "நிறுத்துடா பேராண்டி! குழாய் வாய் உடைஞ்சா ரேடியேட்டரே போச்சு" என்று தடுத்த சித்தப்பா, என்னிடம் வெந்நீர் கேட்டார். இறுகிய பாட்டில் மூடிக்கு நாம் செய்வதுதான்! ஹோஸின் மேல் வெந்நீரை ஊற்றியதும் ரப்பர் இளகியது. என் பின்னல் ஊசியின் மழுங்கிய முனையை இடுக்கில் விட்டுச் சுற்றிலும் ஓட்டினார். பிறகு இழுக்காமல், இப்படியும் அப்படியும் திருகினார். வந்துவிட்டது! கீழ் ஹோஸ் அதற்கும் மசியவில்லை. எப்படியும் புதிது போடப் போகிறோம் என்பதால், உள்குழாயில் கீறல் விழாமல் நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்தெடுத்தார்.

அடுத்தது, தெர்மோஸ்டாட் மூடியின் இரண்டு துருப்பிடித்த போல்ட்டுகள். "இட்லிக்கு அரிசி ஊறப் போடற மாதிரி ராத்திரி ஊறட்டும்" என்று, துருவை இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுப் போய்விட்டார். (இந்த எண்ணெய் ரப்பரில் படக்கூடாதாம். ஊதிப் போகுமாம்.) காலையில் வந்து போல்ட் தலையில் லேசாகத் தட்டி, இடப்பக்கம் கால் திருகு, திரும்ப வலப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருகினார். முரட்டுத்தனமாகத் திருகி போல்ட் உள்ளேயே முறிந்தால் பட்டறைச் செலவுதான்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைப் பழைய தகர டப்பாவில் போட்டுக் கொதிக்க வைத்தோம். அது திறக்கவே இல்லை. புதியதை அதேபோல் போட்டதும் மெல்லத் திறந்தது, ஆறியதும் மூடிக்கொண்டது. "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் வேண்டாம், கழற்றி எறியுங்க" என்று ஒரு மெக்கானிக் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. சித்தப்பா தலையை ஆட்டினார். அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலும் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடுமாம்.

இளம் தாய்மார்களே, இனி சொல்வதைக் கவனியுங்கள். ரேடியேட்டரில் ஊற்றக் கூலன்ட்டை ஒரு மக்கில் கலந்து திண்ணையில் வைத்திருந்தோம். பார்க்க ரோஸ்மில்க் நிறம். அடுத்த வீட்டு மூன்று வயதுக் குழந்தை அதில் டம்ளரை விட்டுவிட்டது! நல்லவேளை, பாய்ந்து பிடுங்கினேன். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் கொடிய விஷம். கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாய், பூனைக்கும் அப்படித்தான். தவறி யாராவது குடித்துவிட்டால், கைவைத்தியம் பார்க்காமல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மறக்காதீர்கள்:

* இன்ஜின் முழுக்க ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.
* போர் தண்ணீர் வேண்டாம். டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி, காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட்டைக் கலந்து ஊற்றுங்கள்.
* கூலன்ட்டை டம்ளரிலோ குளிர்பான பாட்டிலிலோ வைக்காதீர்கள். வடித்ததை வாசலில் கொட்டாதீர்கள்.

ஆடியில் மறுபடி குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் என் கண் அந்த முள்ளின் மேலேயேதான். நடுவிலேயே நின்றது. இந்தத் தடவை பொங்கல் நன்றாகப் பொங்கியது!