நோய்க்கும் ஓர் எண்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களைக் கோடையில் பார்த்திருப்பீர்கள். நீர் வற்ற வற்ற, மீன்கள் நெருக்கியடித்துத் துள்ளும். மீன் பெருகவில்லை, நீர்தான் குறைந்தது. நம் இரத்தத்திலும் இவ்வாறு நேர்வதுண்டு.

100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் 45 மில்லிலிட்டர் இருப்பதாகக் கொள்வோம். விகிதம் 45 சதவீதம். வெயிலில் உழைப்பவருக்கு வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதி 10 மில்லிலிட்டர் குறைந்தால், 90-க்கு 45. அதாவது 50 சதவீதம்! தண்ணீர் அருந்தினால் இது சரியாகிவிடும்.

மீன்களே பெருகினால்? ‘பாலிசைத்தீமியா வீரா’ என்னும் அரிய இரத்தப் புற்றுநோயில் எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை அளவின்றி உண்டாக்குகிறது. கெட்டியான இரத்தம் குழாய்க்குள் உறைந்து, மூளையையோ இதயத்தையோ தாக்கலாம். அவ்வப்போது இரத்தத்தை வெளியேற்றி, விகிதத்தை 45 சதவீதத்துக்குக் கீழே வைப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. இந்நோய்க்குரிய ‘ஜாக்2’ மரபணு மாற்றம் 2005-இல் கண்டறியப்பட்டது. நோயாளிகளில் 100-க்குச் சுமார் 95 பேரிடம் அது காணப்படுகிறது.

‘வீரா’ என்ற இலத்தீன் சொல்லின் பொருள் ‘உண்மையான’ என்பதாகும். இச்சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. 1990-இல் ஏற்கப்பட்ட அதன் பத்தாம் திருத்தத்தில் பாலிசைத்தீமியா வீராவின் எண் டி45. மருத்துவர் அவசரத்தில் ‘பாலிசைத்தீமியா’ என்று மட்டும் எழுதிவிட்டால் எண் டி75.1 ஆகிவிடும். அது பிற காரணங்களால் சிவப்பணு மிகுவதற்கு உரியது, புற்றுநோய் அன்று. எண் இடுபவர் நோயாளியைப் பார்ப்பதில்லை; தாளில் உள்ளதையே பார்க்கிறார். 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தத்தில் எண்கள் மாறின. இந்த விதி மாறவில்லை.

எண் தவறினால் என்ன நட்டம்? சென்னையில் 1981-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. 2012-இல் தமிழ்நாடு முழுமைக்குமான பதிவேட்டுத் திட்டம் தொடங்கிற்று. எந்த நோய் எங்கே எவ்வளவு என்று அறிந்தால்தானே மருந்தும் ஆய்வுக்கூடமும் திட்டமிட முடியும்? 1,000 பேருக்கு உள்ள நோயில் ஒருவர் விடுபட்டால் பிழை ஆயிரத்தில் ஒரு பங்கு. 4 பேருக்கே உள்ள நோயில் ஒருவர் விடுபட்டால் பிழை கால் பங்கு! அரிய நோய்க்கு ஒவ்வொரு தாளும் முக்கியம்.

நோயாளிக்கும் இது முக்கியமே. திருச்சுழிக்காரர் மதுரைக்குச் சிகிச்சைக்குப் போனால், புதிய மருத்துவர் முதலில் கேட்பது பழைய சீட்டைத்தான். ஆகவே மாணவர்களே, வீட்டில் எவரேனும் மருத்துவமனையிலிருந்து திரும்பினால், சீட்டில் நோயின் பெயர் முழுமையாக உள்ளதா என்று படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.