இன்டேக் மாற்றும் முன் எழுத்தில் வாங்குங்கள்

இன்ஜினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றை இழுத்துத் தரும் கோல்டு ஏர் இன்டேக்கைப் பலர் ஆன்லைனில் வாங்குகிறார்கள். பக்கத்து கேரேஜில் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கேற்ப இன்ஜின் கணினியைச் சரிசெய்யும் டியூனிங்கை மட்டும் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். சில நாளில் மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு வருகிறது. கலவையில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்பது அதன் பொருள். காரணத்தைத் தேடாமல் குறியீட்டை அழித்துவிட்டு நெடுஞ்சாலையில் மிதிக்கிறார்கள். இப்படிக் கெட்ட இன்ஜின்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மாஃப் சென்சார் உள்ள வண்டியில், உள்ளே போகும் காற்றை ஒரு மெல்லிய சூடான கம்பி அளக்கிறது. கம்பெனி பைப்பின் அகலத்தை வைத்துத்தான் இன்ஜின் கணினியான இ.சி.யு. அந்தக் கணக்கைப் போடுகிறது. அகலமான பைப் மாட்டினால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைத்துச் சொல்லும், பெட்ரோலும் குறையும். இ.சி.யு. ஓரளவுதான் சரிக்கட்டும். அதற்கு மேல் இன்ஜின் லீனாக ஓடி, தட்ட ஆரம்பித்து, பிஸ்டன் வரை போய்விடும். எண்ணெய் தடவும் பில்டரில் எண்ணெய் அதிகமானால் அந்தக் கம்பியிலேயே படிந்து அளவைக் கெடுக்கும். அதனால் இன்டேக்கும் டியூனும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடக்க வேண்டும். முடியாது என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள். அடுத்தவர் வண்டிக்கு எழுதிய டியூன் பைலையோ, நம் பங்க்கில் கிடைக்காத பெட்ரோலுக்கு எழுதிய பைலையோ இ.சி.யு.வில் ஏற்ற விடாதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. இந்தத் தண்டனை வண்டியின் உரிமையாளருக்கு. புகை, சத்த அளவை மீறினால் 190(2) தனியாக உண்டு: முதல் முறையே ரூ.10,000 வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். புகைச் சான்று இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். நின்ற இடத்தில் எடுக்கும் அந்தச் சோதனை, முழு வேகத்தில் வரும் புகையைச் சொல்லாது. உங்கள் மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாய்ப்பேச்சு பதில் ஆகாது.

கடையில் வாங்க வேண்டியவை: ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில், அதில் பாகத்தின் பெயர், டியூன் பைலின் பதிப்பு, எந்தப் பெட்ரோலுக்கு எழுதியது என்ற குறிப்பு, முன்னும் பின்னும் இன்ஜின் சக்தியை அளந்து எடுத்த டைனோ தாள், கலவை, தட்டல் அளவு காட்டும் லாக், பழைய பைலின் நகல் பென்டிரைவில். கழற்றிய ஏர்பாக்ஸை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். பில் தராத கடையில் பானெட்டைத் திறக்க விடாதீர்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். பாலிசி எண், வண்டி எண், மாற்றங்களின் பட்டியலுடன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, பாலிசியில் பதிவு செய்த எண்டார்ஸ்மென்ட்டைக் கையில் வாங்குங்கள். மறைத்தால், கிளெய்ம் வரும் நாளில் அதுவே நிராகரிக்கும் காரணமாகும். பம்பருக்குக் கீழே வாய் வைக்கும் இன்டேக், மழை வெள்ளத்தில் தண்ணீரை இழுத்து கனெக்டிங் ராடை வளைத்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டியை ஒருபோதும் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

கெடுத்தது கடை என்றால் முதலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கொடுத்த பணம் ரூ.5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. சுயேச்சையான மெக்கானிக்கின் எழுத்து அறிக்கை கிடைக்கும்வரை இன்ஜினைப் பிரித்துப் போட விடாதீர்கள். சான்று அதற்குள்தான் இருக்கிறது.

திரும்பவும் சொல்கிறேன்: டியூன் இல்லாமல் இன்டேக் வேண்டாம், எழுத்து இல்லாமல் இரண்டும் வேண்டாம். பில்லும் எண்டார்ஸ்மென்ட்டும் இல்லாதவருக்கு ஆம்புட்ஸ்மேனும் ஆணையமும் பெரிதாக உதவ முடியாது.