276 எங்கே போகிறது?

ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். 12 என்ற எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் எவை? 1, 2, 3, 4, 6, 12. இவற்றுள் 12 அதே எண்தான். அதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டுங்கள். 16 கிடைக்கும். இனி 16-க்கும் அப்படியே செய்யுங்கள். 1+2+4+8 = 15. பதினைந்துக்கு 1+3+5 = 9. ஒன்பதுக்கு 1+3 = 4. நான்குக்கு 1+2 = 3. மூன்று ஒரு பகா எண். தன்னைத் தவிர அதற்கு 1 மட்டுமே காரணி. ஆகவே அடுத்தது 1. அத்துடன் பயணம் முடிந்தது.

12 → 16 → 15 → 9 → 4 → 3 → 1

இதைக் கணித அறிஞர்கள் ‘அலிக்வாட் தொடர்வரிசை’ என்பார்கள். நாம் ‘காரணிச் சங்கிலி’ என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு சங்கிலி 1-இல் முடிய வேண்டுமானால், அதற்கு முந்திய எண் பகா எண்ணாகத்தான் இருக்க வேண்டும். ஏனெனில் பகா எண்ணுக்கு மட்டுமே இந்தக் கூட்டுத்தொகை 1 ஆகும். எனவே முடியும் ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு ‘கடைசிப் பகா எண்’ உண்டு. 12-இன் கடைசிப் பகா எண் 3. 18 → 21 → 11 என்பதால் 18-க்கு 11. 24 → 36 → 55 → 17 என்பதால் 24-க்கு 17. இப்படி எண்களைப் பகா எண் குடும்பங்களாகப் பிரித்துவிடலாம். ஆனால் பகா எண் 5-இன் குடும்பத்தில் 5-ஐத் தவிர வேறு ஆள் இல்லை! ஏன் தெரியுமா? கூட்டுத்தொகை 5 வர 1+4 என்ற ஒரே வழிதான் உண்டு. 4 காரணியானால் 2-உம் காரணியாகிவிடும். தொகை 7-க்குக் குறையாது. ஆகவே எந்தச் சங்கிலியும் 5-ஐ வந்தடைய முடியாது.

எல்லாச் சங்கிலிகளும் 1-இல் முடிவதில்லை. 6-க்கு 1+2+3 = 6. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. 28, 496, 8128 ஆகியவையும் இப்படியே. இவை செவ்விய எண்கள். 220-இலிருந்து 284-க்கும், 284-இலிருந்து மீண்டும் 220-க்கும் போகலாம். இவை நட்பு எண்கள். 1866-இல் பகனீனி என்ற 16 வயது இத்தாலிய மாணவர், பெரிய மேதைகள் கவனிக்காமல் விட்ட 1184, 1210 என்ற சிறிய நட்பு ஜோடியைக் கண்டுபிடித்தார். 1918-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த புவலே, 12496-இல் தொடங்கி ஐந்தே படிகளில் அதே எண்ணுக்குத் திரும்பும் சங்கிலியைக் கண்டார்.

ஆக, ஒரு சங்கிலி 1-இல் முடியலாம், அல்லது வட்டமிடலாம். மூன்றாவதாக, முடிவே இல்லாமல் வளர்ந்துகொண்டே போகவும் கூடுமா? கூடாது என்பது 1888-இல் கத்தலான் வெளியிட்டு, 1913-இல் டிக்சன் திருத்தியமைத்த ஊகம். 1975-இல் கை, செல்ஃபிரிட்ஜ் என்ற இருவர் இதற்கு நேர்மாறாக, இரட்டைப்படை எண்களில் தொடங்கும் பல சங்கிலிகள் எல்லையின்றி வளரும் என்று கருதினர். இரண்டில் எது சரி என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.

சங்கிலி ஏன் வளர்கிறது? 6-ஐ விடப் பெரிய, 6-ஆல் வகுபடும் எந்த எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகிய மூன்றும் அதன் காரணிகள். மூன்றையும் கூட்டினாலே அந்த எண் வந்துவிடும். அத்துடன் 1-ஐயும் சேர்த்தால் தொகை எண்ணை மிஞ்சிவிடுகிறது! 30-ஐப் பாருங்கள்:

30 → 42 → 54 → 66 → 78 → 90 → 144 → 259 → 45 → 33 → 15

144 வரை ஏறுமுகம்தான். பிறகு ஏன் சறுக்கியது? ஓர் இரட்டைப்படை எண் முழு வர்க்கமாகவோ, முழு வர்க்கத்தின் இரு மடங்காகவோ இருந்தால் மட்டுமே அடுத்த எண் ஒற்றைப்படையாகும். 144 என்பது 12-இன் வர்க்கம். ஆகவே 259 வந்தது; சங்கிலி சரிந்து 15-ஐ அடைந்தது. அதற்கு மேல் 12 சென்ற பாதைதான்.

138-இன் கதை இன்னும் வியப்பானது. அது 117-ஆம் படியில் 179931895322 என்ற உயரத்தைத் தொட்டு, பின்னர் இறங்கி, 177-ஆம் படியில் 1-ஐ அடைகிறது. இதைக் காட்டியவர் அமெரிக்கக் கணித அறிஞர் டி. எச். லேமர்.

இனி 276-க்கு வருவோம். 276 → 396 → 696 → 1104 → 1872 → 3770 → 3790 → 3050 → 2716 → 2772 ... ஏறியும் இறங்கியும் போகும் இந்தச் சங்கிலியை 2000 படிகளுக்கு மேல் கணக்கிட்டுவிட்டார்கள். எண்கள் 200 இலக்கங்களைத் தாண்டிவிட்டன. முடிவு தென்படவில்லை. 1000-க்குள் இப்படி விடை தெரியாத சங்கிலிகள் ஐந்து: 276, 552, 564, 660, 966 ஆகியவற்றில் தொடங்குபவை. ‘லேமரின் ஐவர்’ என்று இவற்றைச் சொல்வார்கள். 306-உம் விடை தெரியாததுதான். ஆனால் அது முதல் படியிலேயே 396-க்குப் போய் 276-இன் பாதையில் கலந்துவிடுவதால் அதைத் தனியாக எண்ணுவதில்லை.

“கணிப்பொறிதான் இருக்கிறதே, கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதானே?” என்று கேட்பீர்கள். கூட்டுவது எளிது, காரணிகளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். 100 இலக்க எண் ஒன்று இரண்டு 50 இலக்கப் பகா எண்களின் பெருக்கல் பலன் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 100 கோடி எண்களால் வகுத்துப் பார்க்கும் கணிப்பொறிக்கும், 2, 3, 5 என்று வரிசையாகச் சோதித்தால், பிரபஞ்சத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகள் சிறிதும் போதா.

எனவே வேறு முறைகள் வேண்டும். 1980-களில் கண்டறியப்பட்ட நீள்வட்ட வளைகோட்டு முறை அவற்றுள் ஒன்று. இது ஏறத்தாழ ஏரியில் வலை வீசுவது போன்றது. ஒவ்வொரு வளைகோடும் ஒரு வீச்சு. மீன் சிக்கலாம், சிக்காமலும் போகலாம். நூறு பேர் நூறு வலைகளை வீசினால் விரைவில் சிக்கும். இங்கேதான் கூட்டு முயற்சி பயன்படுகிறது. 1988-இல் ஆர்யன் லென்ஸ்ட்ரா, மார்க் மனாசி ஆகியோர், வேறொரு முறையில், மூன்று கண்டங்களில் இருந்த கணிப்பொறிகளுக்கு வேலையைப் பங்கிட்டு 100 இலக்க எண் ஒன்றைக் காரணிப்படுத்தினார்கள். இன்று காரணிச் சங்கிலிகளையும் பல நாட்டு ஆர்வலர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் ஒரு காரணியைக் கண்டால் அதைப் பொதுப் பட்டியலில் சேர்க்கிறார். அடுத்தவர் அங்கிருந்து தொடர்கிறார்.

முன்பின் அறியாத ஒருவர் தந்த விடையை எப்படி நம்புவது? நம்பவே வேண்டியதில்லை. ஒரு காரணியைத் தேடப் பல மாதங்கள் ஆகலாம். அது சரியா என்று வகுத்துப் பார்க்கக் கணிப்பொறிக்கு ஒரு நொடி போதும். ஒரு படி தவறினாலும் அதற்குப் பின் வரும் அத்தனை படிகளும் வீண் என்பதால், இந்தச் சோதனை மிக அவசியம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். 276-இன் சங்கிலி முடிவுள்ளதானால், கணக்கிட்டுக்கொண்டே போனால் ஒரு நாள் அதன் கடைசிப் பகா எண்ணைக் காணலாம். முடிவில்லாததானால், எத்தனை கோடிப் படிகள் போனாலும் கணிப்பொறி அதை நமக்குச் சொல்லாது. அதற்கு ஒரு நிரூபணம் வேண்டும். நிரூபணத்துக்குத் தேவை மனித மூளை. அது உங்களுடையதாகவும் இருக்கலாம்.

அதற்கு முன்னோட்டமாக 48, 60 இரண்டின் சங்கிலிகளையும் போட்டுப் பாருங்கள். கணக்கு சரியாக இருந்தால், கிடைக்கும் இரண்டு கடைசிப் பகா எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு 2.