காருக்குள் ஒரு தாம்பாளம்!

பனிக்கும் உப்புக்கும் நடுவே ஒரு கால்மிதி

அமெரிக்காவில் சிகாகோ நகரம். ஜனவரி மாதம். இரவெல்லாம் வெண்பனி கொட்டியிருக்கிறது. காலையில் வேலைக்குப் புறப்பட்ட ஒருவர், கணுக்கால் அளவு பனியில் நடந்து வந்து தம் காரின் கதவைத் திறக்கிறார். ஒரு காலை உள்ளே வைக்கிறார். மறு காலையும் வைக்கிறார். கதவைச் சாத்துகிறார்.

அவ்வளவுதான். அவருடைய பூட்ஸோடு சேர்ந்து பாதித் தெருவும் காருக்குள் வந்துவிட்டது!

பூட்ஸின் அடியில் ஒட்டியிருப்பது வெறும் பனி அல்ல. பனி, மணல், சேறு, உப்பு எல்லாம் கலந்த கூழ். காருக்குள் சூடேற்றும் கருவி ஓடுகிறது. சிறிது நேரத்தில் கூழ் உருகிக் கறுப்புத் தண்ணீராகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? காரின் தரையோடு ஒட்டிய கம்பளம் அதைக் குடித்துவிடுகிறது.

மாலையில் மறுபடி இதே கதை. மார்ச் மாதம் வரை இதே கதைதான். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் என்று எட்டுக் கால்கள் ஏறி இறங்கும் காராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தத் தொல்லையைத் தடுக்க வந்ததுதான் காரின் கால்மிதி. பார்த்தால் ஒரு ரப்பர்த் துண்டு. ஆனால் அதை ஒழுங்காகச் செய்வது லேசான காரியம் அல்ல. ஒழுங்காகப் போடாததால் உயிர்கள் போனதும் உண்டு.

தெருவில் ஏன் உப்பு?

சாலையில் பனி இறுகிவிட்டால் அது கண்ணாடி போல் வழுக்கும். கார்கள் சறுக்கி ஒன்றோடு ஒன்று மோதும். அதனால் லாரிகளில் உப்பை ஏற்றிக்கொண்டு போய்ச் சாலையெல்லாம் தூவுகிறார்கள்.

தண்ணீர் 0 டிகிரி சென்டிகிரேடில் உறையும். அதில் உப்பைக் கரைத்தால் அவ்வளவு சுலபத்தில் உறையாது. தகுந்த அளவில் கரைத்தால், பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரை கூடத் தண்ணீராகவே நிற்கும். இதுதான் உப்பின் ரகசியம்.

1941-42 குளிர்காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தூவிய உப்பு 5,000 டன். இப்போது ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேல்! மோட்டார் நகரம் என்று பெயர் வாங்கிய டெட்ராய்ட்டின் அடியிலேயே, ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில், பெரிய உப்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அங்கே வெட்டும் உப்பு சாலைகளுக்குத்தான் போகிறது. காரைச் செய்து உலகத்துக்குக் கொடுத்த ஊரே, காரைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பையும் கொடுக்கிறது. வேடிக்கைதான்!

உப்புத் தண்ணீர் கம்பளத்தில் இறங்கினால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் அடுக்களையிலே உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. கம்பளத்தில் ஏறிய உப்பும் அப்படியே. காய்ந்தது போல் தோன்றும். காற்றில் ஈரம் கூடினால் மறுபடியும் நசநசக்கும்.

கம்பளத்துக்கு அடியில் மெத்தை போல் ஒரு பஞ்சு அடுக்கு உண்டு. அதற்கும் அடியில் காரின் தரைத் தகடு. மின்சாரக் கம்பிகளும் பல கார்களில் அந்த வழியாகவே ஓடுகின்றன. மேலே இருக்கும் கம்பளம் காய்ந்தாலும் பஞ்சு காயாது. தகட்டில் துரு ஏறும். கம்பிகளை இணைக்கும் இடங்களில் களிம்பு பிடிக்கும். காருக்குள் ஊசிப்போன நாற்றம் வீசும். காலையில் கண்ணாடிகளின் உட்புறம் ஆவி படர்ந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் போகும். கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை. நோய் காலடியில் இருக்கிறது!

அப்படியானால் குளிர் தேசத்தில் காருக்குக் கம்பளம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃபோர்டு கம்பெனியின் பழைய 'மாடல் டி' காரில் முன்பக்கம் ரப்பர் விரிப்புத்தான் இருந்தது. பிற்பாடு கம்பளம் வந்ததற்கு அழகு மட்டும் காரணம் அல்ல. சக்கரத்தின் இரைச்சலை அது அடக்குகிறது. கீழிருந்து ஏறும் குளிரைத் தடுக்கிறது. ஆகவே கம்பளத்தை எடுத்தெறிய முடியாது. அதைக் காப்பாற்றித்தான் தீர வேண்டும்.

வீட்டை அடமானம் வைத்தார்!

வெகு காலம் கடைகளில் விற்றது தட்டையான ரப்பர் விரிப்பு. 'எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்' என்று சொல்லி விற்பார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால் எதற்கும் சரியாகப் பொருந்தாது என்றுதானே பொருள்? ஓரங்களில் இடைவெளி இருக்கும். தண்ணீர் விரிப்பின் மேலே ஓடி, ஓரத்தில் வழிந்து, கம்பளத்தில்தான் போய்ச் சேரும்.

சிகாகோவுக்கு அருகே வசித்த டேவிட் மெக்நீல் என்பவர் 1989-ல் இந்தத் தொழிலில் இறங்கினார். இங்கிலாந்தில் நல்ல ரப்பர்க் கால்மிதிகள் செய்கிறார்கள், அவற்றை வரவழைத்து விற்கலாம் என்பது அவர் யோசனை. கையில் முதல் இல்லை. வீட்டின் பேரில் இரண்டாவது அடமானமாக 50,000 டாலர் கடன் வாங்கினார். கால்மிதிக்காக வீட்டை அடமானம் வைப்பதா என்று வீட்டிலிருப்பவர்கள் கலங்கினால் அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் சரக்கு விற்றது. 'வெதர்டெக்' என்ற பெயரில் வியாபாரம் வளர்ந்தது. 2007-ல் இறக்குமதியை விட்டுவிட்டு அமெரிக்காவிலேயே உற்பத்தியைத் தொடங்கினார். 2014-ல் அமெரிக்காவின் மிகப் பெரிய கால்பந்துப் போட்டியான 'சூப்பர் பவுல்' நடந்தபோது, டெலிவிஷனில் கால்மிதிக்கு விளம்பரம் வந்தது. மோட்டார் கம்பெனிகளும் குளிர்பானக் கம்பெனிகளும் போட்டி போட்டு வாங்கும் நேரம் அது!

தரையைப் படம் பிடிக்கும் ஒளி

இப்போது நல்ல கால்மிதி எப்படி உருவாகிறது? கேளுங்கள்.

புதிய கார் ஒன்று சந்தைக்கு வந்ததும் அதன் தரையை லேசர் ஒளியால் அளக்கிறார்கள். காரின் தரை, வீட்டுத் தரை போல் சமமாக இராது. நடுவே ஒரு மேடு. முன்னால் சரிவு. பின்னால் நாற்காலி நகரும் தண்டவாளம். இடது காலை ஓய்வாக வைத்துக்கொள்ள ஒரு திண்டு. இத்தனையும் காருக்குக் கார் வேறுபடும். ஒளிக்கதிர் இவற்றையெல்லாம் தொட்டுத் தொட்டு அளக்கும். கம்ப்யூட்டர் அந்த அளவுகளைச் சேர்த்துத் தரையின் உருவத்தை அப்படியே திரையில் காட்டும். அதன் மேல்தான் கால்மிதியை வரைகிறார்கள்.

பிறகு அச்சு தயாராகும். செய்யும் முறை பலவிதம். ஒரு முறையில், பிளாஸ்டிக் தகட்டைச் சூட்டில் இளக்கி அச்சின் மேல் விரிப்பார்கள். அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சோடு அப்பிக்கொள்ளும். ஆறியதும் எடுத்து ஓரங்களை வெட்டுவார்கள்.

பொருள் எது என்பதும் முக்கியம். சாதாரண பிளாஸ்டிக் கடுங்குளிரில் விறைத்துவிடும். ஓரம் சுருண்டு மேலே எழும்பும். ஆகையால் ரப்பர் போல் வளையும், ஆனால் பிளாஸ்டிக் போல் உருக்கி வார்க்கக்கூடிய கலவைகளை இப்போது நிறைய உபயோகிக்கிறார்கள். குளிரிலும் இவை இளக்கமாகவே இருக்கும்.

மேல்பக்கத்தில் இருக்கும் வரிகளை அலங்காரம் என்று எண்ண வேண்டாம். பூட்ஸ் வரிமேட்டின் மீது நிற்கும். தண்ணீர் வரிகளுக்கு இடையே இறங்கி ஓடும். கால் நனையாது. ஓட்டுபவரின் குதிகால் ஊன்றும் இடத்தை விட்டுத் தண்ணீரை விலக்கிக் கொண்டுபோகும்படி வாய்க்கால்கள் அமைக்கிறார்கள். ஈரமான பூட்ஸ் பிரேக்கில் வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சுற்றிலும் தாம்பாளத்தின் விளிம்பு போல் ஓரம் உயர்ந்திருக்கும். 50 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம் உள்ள தட்டில் ஒரே ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் எவ்வளவு தெரியுமா? 2 லிட்டர்! அந்த இரண்டு லிட்டரும் கம்பளத்துக்குப் போகாமல் தப்பியது.

அப்படியானால் விளிம்பை இன்னும் உயர்த்தலாமே? அங்கேதான் சங்கடம். கதவுப் பக்கம் விளிம்பு உயர்ந்தால் ஏறும்போது கால் தடுக்கும். பெடல்களின் பக்கம் உயர்ந்தாலோ, ஆபத்து வேறு விதமாக வரும்.

ஆகஸ்ட் 28

2009-ம் ஆண்டு, ஆகஸ்ட் 28. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம், சான் டியேகோவுக்கு அருகே. நெடுஞ்சாலைப் போலீஸ் அதிகாரி ஒருவர், பணியில் இல்லாத நேரத்தில், குடும்பத்தாருடன் 'லெக்சஸ்' காரில் போய்க்கொண்டிருந்தார். அது அவருடைய கார் அல்ல. தம் காரைச் சரிபார்க்க விட்டிருந்ததால், விற்பனையாளர் கொடுத்த இரவல் கார்.

திடீரென்று கார் வேகம் எடுத்தது. காலை எடுத்தும் வேகம் குறையவில்லை. பிரேக்கும் அடக்கவில்லை. மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டியது. காருக்குள் இருந்தவர்களில் ஒருவர் டெலிபோனில் போலீஸைக் கூப்பிட்டார். பேச்சு முடிவதற்குள் கார் மற்றொரு வண்டியில் மோதி, சாலையை விட்டுப் பாய்ந்து, தீப்பற்றியது. உள்ளே இருந்த நால்வரும் மாண்டனர்.

விசாரணையில் தெரிந்தது என்ன? அந்தக் காரில் போட்டிருந்தது, அதே கம்பெனியின் வேறொரு பெரிய வண்டிக்கான ரப்பர்க் கால்மிதி. மழைக்கும் பனிக்கும் தாங்கும் கால்மிதி. அதுவும் கலிபோர்னியாவில், கோடைகாலத்தில்! ஆக்ஸிலேட்டர் பெடல் அதன் விளிம்பில் சிக்கிக்கொண்டது.

இன்னும் வயிறெரியும் செய்தி ஒன்று உண்டு. சில நாட்களுக்கு முன் அதே இரவல் காரை ஓட்டிய வேறொருவருக்கும் இப்படியே பெடல் சிக்கியது. அவர் கியரை நியூட்ரலுக்கு மாற்றித் தப்பினார். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, கால்மிதியில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டும் போனார். கால்மிதி மாறவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், 38 லட்சம் கார்களின் சொந்தக்காரர்களுக்கு டொயோட்டா கம்பெனி எச்சரிக்கை விடுத்தது. லெக்சஸ் அதன் கார்தான். ஓட்டுபவரின் காலடியில் உள்ள கால்மிதியை எடுத்துவிடுங்கள் என்பதே செய்தி. பின்னர் பெடல்களின் அடிப்பகுதியை வெட்டிக் குறுக்கினார்கள். பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒருசேர மிதித்தால் பிரேக்கே ஜெயிக்கும்படியான ஏற்பாடு புதிய கார்களில் வந்தது. மின்னணுக் கோளாறோ என்ற சந்தேகத்தில், விண்வெளி நிறுவனமான நாசாவின் என்ஜினீயர்கள் ஆராய்ந்து, அப்படி ஒன்றும் தென்படவில்லை என்று 2011-ல் அறிக்கை கொடுத்தார்கள். 2014-ல், பாதுகாப்பு விஷயத்தில் பொதுமக்களுக்குத் தவறான தகவல் கொடுத்த வழக்கில், டொயோட்டா 120 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

ஒன்றின் மேல் ஒன்று வேண்டாம்

ஆகவே கால்மிதிக்கு இரண்டு வேலை. தண்ணீரைத் தாங்க வேண்டும். தானும் நகராமல் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் பெரிய வேலை.

காரின் தரையில் கொக்கிகள் இருக்கும். கால்மிதியில் அதற்கு நேராக ஓட்டைகள் இருக்கும். மாட்டினால் அது முன்னால் சறுக்காது. மாட்டாமல் விட்டால், ஒவ்வொரு முறை கால் உரசும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெடலை நோக்கி நகரும். பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. காரோடு வந்த துணிக் கால்மிதியை எடுக்காமல், அதன் மேலேயே பனிக்கால ரப்பரைப் போட்டுவிடுவார்கள். கொக்கி எட்டாது. உயரமும் கூடிவிடும். பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். போட்டபின், என்ஜினை ஓட்டாமல், ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரை அழுத்திப் பார்க்க வேண்டும். விட்டதும் தடையின்றி மேலே வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

ஓடும்போது சிக்கிக்கொண்டால்? பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. ஒரே மூச்சாக, பலமாக அழுத்தி, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, ஓரம் கட்டிய பிறகு என்ஜினை நிறுத்த வேண்டும்.

ஏப்ரலில் பனி ஓய்ந்ததும் கால்மிதிகள் வெளியே வருகின்றன. தண்ணீர் நிற்கும் தட்டைத் தூக்குவது ஒரு வித்தை. அவசரப்பட்டால், நான்கு மாதம் காப்பாற்றிய கம்பளத்திலேயே கொட்டிவிடும். முதலில் கடற்பஞ்சால் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு, கொக்கியைக் கழற்றி, இரு கையாலும் மட்டமாகத் தூக்க வேண்டும். கம்பளத்தில் எங்காவது வெள்ளையாக உப்புக் கறை தெரிந்தால், வெந்நீரும் வெள்ளை வினிகரும் சரிபாதி கலந்து தெளித்து, துணியால் ஒற்றி எடுக்கிறார்கள். கறை மேலே மட்டும் இருந்தால் போய்விடும்.

பழைய கார் வாங்க வரும் விவரம் தெரிந்தவர்கள், வெளியே பளபளக்கும் பெயின்ட்டை நம்புவதில்லை. கதவைத் திறந்து, குனிந்து, கால்மிதியைத் தூக்கிக் கம்பளத்தைக் கையால் அழுத்திப் பார்க்கிறார்கள். பிறகு கையை மோந்து பார்க்கிறார்கள். விலை பேசுவது அதற்கு அப்புறம்தான்.