பனிக்காலத்திற்கும் காய் தரும் காஷ்மீர் வீட்டுத் தோட்டங்கள்

ஸ்ரீநகர்: காஷ்மீர் பள்ளத்தாக்கின் கிராமங்களில், வீட்டையொட்டிய காய்கறித் தோட்டத்தின் பயன் கோடையோடு முடிந்துவிடுவதில்லை. விளைச்சலில் ஒரு பகுதி உலர்த்தப்பட்டு, பனிக்கால உணவாகச் சேமிக்கப்படுகிறது. இவ்வாறு உலர்த்திய காய்கறிகளை காஷ்மீரி மொழியில் 'ஹோக் சியுன்' என்கின்றனர்.

கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் கிடைக்கும் வெயிலும் வறண்ட காற்றுமே இதற்கு அடிப்படை. சுரைக்காய், கத்தரிக்காய், டர்னிப் ஆகியவை துண்டுகளாக நறுக்கப்பட்டு, பாயில் பரப்பியோ கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டோ காயவைக்கப்படுகின்றன. நீர்ச்சத்து குறைந்தால் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பெருக இயலாது. அதனால் காய்கள் பல மாதங்கள் கெடுவதில்லை. சமைக்கும் முன் வெந்நீரில் ஊறவைத்தால் போதும். ஆனால், உலர்த்தும் நாட்களில் மழை பெய்தால் பூஞ்சை பிடித்து, உழைப்பு வீணாகிவிடும்.

டிசம்பர் 21 அன்று 'சில்லை கலான்' எனப்படும் 40 நாள் கடுங்குளிர் தொடங்குகிறது. முன்பு இக்காலத்தில் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலை பனியால் மூடப்பட்டால், பள்ளத்தாக்கிற்குப் புதிய காய்கறிகள் வருவது நின்றுவிடும். 2021-ல் திறக்கப்பட்ட பனிஹால்–காசிகுண்ட் சுரங்கப்பாதையும், 2025-ல் தொடங்கிய கத்ரா–ஸ்ரீநகர் ரயில் சேவையும் அந்நிலையை மாற்றியுள்ளன. இன்று பலரும் சுவைக்காகவே உலர் காய்களை வாங்குகின்றனர்.

எனினும், 2025 ஆகஸ்ட் இறுதியில் பெய்த கனமழையால் நெடுஞ்சாலை பல நாட்கள் துண்டிக்கப்பட்டு, ஆப்பிள் லாரிகள் வழியில் தேங்கின. சாலையை மட்டுமே நம்பியிருக்க இயலாத மலைப்பகுதியில், கொல்லையில் விளைந்து கூரையடியில் தொங்கும் காய்களே இன்றும் குடும்பங்களின் கையிருப்பு.