ஹாட்சன் தொகுத்த ஏடுகளும் வாய்மொழிகளும்

ஒரு சமயத்தின் கொள்கையை ஆராயப் புகுவார்க்கு அச்சமயத்தார் இயற்றிய நூலும், அச்சமயத்தாருடைய வாய்மொழியும் ஆகிய இரண்டும் கருவிகளாம். நூல் எக்காலத்து எழுந்தது, வாய்மொழி எவ்வினாவிற்கு விடையாய்ப் பிறந்தது என்பவற்றைப் பிரித்தறியாவிடின், பிற்காலத்தார் கூற்று முற்காலத்தார் கொள்கையாய் மயங்கிவிடும். இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாவன, இமயமலை நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த பிரையன் ஹாட்டன் ஹாட்சன் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த ஏடுகளும் குறிப்புக்களும்.

ஹாட்சன் 1818-ல் கல்கத்தா வந்து, சமவெளியின் வெப்பம் உடலுக்கு ஒவ்வாமையால் மலைநாட்டுப் பணியை மேற்கொண்டார். 1820-ல் காட்மாண்டு நகரை அடைந்து, 1833 முதல் 1843 வரை நேபாள அரசவையில் ஆங்கிலக் கும்பினியின் ரெஸிடெண்டாக அமர்ந்தார். கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ பிரபுவோடு நேர்ந்த மாறுபாட்டால் அப்பதவி நீங்கியபின், 1845 முதல் 1858 வரை டார்ஜிலிங்கில் தனிமனிதராய்த் தங்கி ஆராய்ச்சியிலேயே காலங்கழித்தார். 1894-ல் இங்கிலாந்தில் உயிர்துறந்தார்.

நேபாளப் பள்ளத்தாக்கிற்கு அப்பால் விரும்பியவாறு செல்லுதல் அந்நாளில் அயலார்க்கு இயலாது. ஆதலின், அந்நாட்டு வேடரைக் கொண்டு விலங்குகளையும் பறவைகளையும் வருவித்து, ராஜமான் சிங் முதலிய அந்நாட்டு ஓவியரைக் கொண்டு அவற்றின் வடிவங்களை வரைவித்தார். அவ்வோவியத் தாள்களின் ஓரங்களில் நாகரி எழுத்தில் உயிர்களின் நாட்டுப் பெயர்களும் அளவுகளும் குறிக்கப்பட்டுள்ளன. சாலமரக் காட்டில் வாழும் குறும்பன்றியை 1847-லும், டாக்கின் என்னும் மலைவிலங்கை 1850-லும் உலகிற்கு முதலில் விரித்துரைத்தவர் இவரே. இவர் பிரிட்டிஷ் மியூசியத்திற்கு அளித்த உயிரினப் பொருள்கள் 10,000-க்கு மேற்பட்டன.

இனி, இவர் சமய ஆராய்ச்சிக்குச் செய்த உதவி இதனினும் பெரிது. இந்தியாவில் மறைந்தொழிந்த வடமொழிப் பௌத்த நூல்கள் நேபாளத்து விகாரைகளில் வழிவழியாய்ப் பேணப்பட்டு வந்தன. ஹாட்சன் அவற்றின் படிகளைத் தேடிப் பெற்றும் எழுதுவித்தும் கல்கத்தா, இலண்டன், பாரிஸ் முதலிய இடங்களிலுள்ள கழகங்கட்குக் கைம்மாறு கருதாது வழங்கினார். 1837-ல் பாரிஸ் நகரை அடைந்த ஏடுகளைக் கொண்டே யூஜீன் பூர்னூப் என்னும் பேரறிஞர் இந்திய பௌத்த வரலாற்றிற்குரிய தம் முகவுரை நூலை 1844-ல் வெளியிட்டார். 1852-ல் வெளிவந்த அவரது சத்தர்ம புண்டரீக மொழிபெயர்ப்பு ஹாட்சனுக்கே உரிமையாக்கப்பட்டது.

ஏடுகளைத் தேடித் தந்ததோடு பௌத்தக் கொள்கைகளை ஹாட்சனுக்கு உணர்த்தியவர் பாடண் நகரத்துப் பண்டிதர் அமிர்தானந்தர். உலகம் எவ்வாறு தோன்றியது, முதற்பொருள் யாது என்றாற்போன்ற வினாக்களை ஹாட்சன் நிரல்படுத்தி வினவ, பண்டிதர் விடையிறுத்தார். அவ்விடைகளினின்று பௌத்தம் ஸ்வாபாவிகம், ஐசுவரிகம், கார்மிகம், யாத்னிகம் என நால்வகைப்படும் என்ற பாகுபாடு எழுந்தது. ஐரோப்பிய நூல்களில் அது நெடுங்காலம் பழைய கொள்கையெனவே வழங்கிற்று. ஆயின், பழைய இந்திய நூல்கள் கூறும் நால்வர் வைபாடிகர், சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்யமிகர் என்போரே. சிவஞான சித்தியார் பரபக்கம் மறுப்பதும் இந்நால்வர் கொள்கைகளையே. ஹாட்சன் கூறிய பாகுபாடோ அவற்றுள் யாண்டும் காணப்படவில்லை. படைப்போன் உளனோ இலனோ என்பதை முதல் வினாவாக வைத்தல் கிறித்தவ நாட்டார் இயல்பு. அவ்வினாவின் வடிவே விடையையும் வகுத்துவிட்டது எனல் பொருந்தும். இதன்கண் வஞ்சனை யாதும் இல்லை. ஹாட்சன் அவ்வினாவிடைகளைத் தாமே அச்சிட்டு வெளிப்படுத்தினார். அவற்றைப் படித்தோரே வினாவை விடுத்து விடையை மட்டும் கைக்கொண்டனர்.

அமிர்தானந்தர் நேர்மை பிறிதொன்றானும் விளங்கும். அசுவகோஷரின் புத்தசரிதம் 28 சருக்கம் உடையது என்பது திபெத்திய, சீன மொழிபெயர்ப்புக்களால் தெரியும். வடமொழி மூலமோ பதினான்காம் சருக்கத்தின் இடையே நின்றுவிட்டது. எஞ்சியதைத் தேடியும் கிடையாமையால் 1830-ல் தாமே பாடிச் சேர்த்ததாக ஏட்டின் இறுதியில் அவர் எழுதி வைத்தார். அக்குறிப்பு இல்லாத படிகளை மட்டும் கண்டோர் பதினேழு சருக்கத்தையும் அசுவகோஷர் வாக்கெனவே கொள்ள நேரும். 1893-ல் அந்நூலைப் பதிப்பித்த கவெல் என்பார்க்கு உண்மையை உணர்த்தியது அவ்விறுதிக் குறிப்பே. ஒரு சிறு குறிப்பு நான்கு சருக்கங்களின் காலத்தை அறுதியிட்ட வகை இது.

தமிழர் அறியத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. ஆரியரல்லாத இந்தியப் பழங்குடியினர் அனைவரையும் ஹாட்சன் 'தமூலியர்' என ஓரினமாகக் குறித்து, மலைவாணர் மொழிகளின் சொற்களைத் திரட்டி ஒப்பிட்டார். கால்டுவெல் 1856-ல் தம் ஒப்பிலக்கணத்தில் அவ்விரிந்த பொருளை ஏலாது, 'திராவிடம்' என்னும் பெயரைத் தென்மொழிக் குடும்பத்திற்கு வரையறுத்தார். ஹாட்சன் முடிபு நிலைபெறவில்லை. எனினும் அவர் திரட்டிய சொற்கள் மொழிநூலார்க்கு இன்றும் பயன்படுகின்றன.

ஹாட்சனின் தாள்கள் இதுபோது பிரிட்டிஷ் நூலகம், இராயல் ஆசியக் கழகம், விலங்கியற் கழகம் முதலிய இலண்டன் நிலையங்களில் பிரிந்து கிடக்கின்றன. ஓவியம் ஓரிடத்தும், ஏடு ஓரிடத்தும், பண்டிதர் கைக்குறிப்பு மற்றோரிடத்துமாய் இருத்தலின், அவற்றை ஒருங்கு வைத்து நோக்குதல் அரிதாயிற்று. அச்சேறிய கட்டுரை முடிபை மட்டும் காட்டும். அம்முடிபு யார் சொல்லால், எவ்வேட்டால், எவ்வினாவால் வந்தது என்பதைக் காட்டவல்லன கைக்குறிப்புக்களே. ஆதலின், ஏட்டின் மூலத்தைப் போற்றுவார் அதன் ஓரக்குறிப்பையும் இறுதிக் குறிப்பையும் உடன் போற்றுதல் கடனாம். அவை அழியின், அமிர்தானந்தர் பாட்டு அசுவகோஷர் பாட்டாகவும், ஒருவர் விடை ஒரு சமயத்தின் கொள்கையாகவும் நின்றுவிடும்.