ஈரலில் குடியேறும் நாய்ப் புழு!

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான அறுவடை முடிந்ததும் வயல்களில் ஆட்டுக் கிடை போடுவார்கள். பகலெல்லாம் மேய்ந்த ஆடுகள் இரவில் வயலில் படுக்கும். புழுக்கை நல்ல உரம். கிடைக்குக் காவல் யார்? நாய்!

நன்றியுள்ள பிராணிதான். ஆனால் அதன் குடலில் ஒரு புழு இருக்கக்கூடும். ஓர் அரிசி நீளம்தான் இருக்கும். அந்தப் புழுவின் முட்டை மனிதன் வயிற்றுக்குள் போனால் தேங்காய் அளவுக் கட்டியை உண்டாக்கிவிடும்!

எப்படி வருகிறது?

புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியே வரும். மண்ணிலும் கீரையிலும் தண்ணீரிலும் கலக்கும். நாயின் ரோமத்திலும் ஒட்டியிருக்கும். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சாப்பிட்டால் முட்டை வயிற்றுக்குள் போகும். அங்கே பொரித்து, ரத்தத்தோடு ஈரலுக்குச் சென்று, நீர் நிறைந்த பையாக வளரும். இதை 'ஹைடாட்டிட்' கட்டி என்கிறார்கள் டாக்டர்கள்.

ஆட்டுக்கறி தின்றால் வருமா? வராது. ஆட்டுக்கும் நம்மைப் போலக் கட்டிதான் வரும். அந்தக் கட்டியுள்ள ஈரலைப் பச்சையாகத் தின்னும் நாய்க்குத்தான் புழு உண்டாகும்.

சீழ் வைத்தால்...

கட்டி மெதுவாக வளரும். பல ஆண்டுகள் வலியே தெரியாது. பித்தக் குழாய் வழியாகக் கிருமிகள் புகுந்தால் சீழ் வைத்துவிடும். குளிர் காய்ச்சல் வரும். வலது விலாவுக்குக் கீழே வலிக்கும். சிலருக்குக் காமாலையும் காணும்.

'குடலேற்றம்' என்று எண்ணி, எண்ணெய் தடவி வயிற்றை உருவிவிடுவோர் உண்டு. கூடவே கூடாது! கட்டி உடைந்தால் உயிருக்கே ஆபத்து. சிந்திய நீரிலிருந்து வயிறெங்கும் புதிய கட்டிகள் முளைக்கலாம்.

உப்புத் தண்ணீர்க் காவல்!

ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கட்டி தெரிந்துவிடும். சிறிய கட்டிகள் சில, மாத்திரையிலேயே அடங்கும். சீழ் வைத்த பெரிய கட்டிக்கு ஆபரேஷன் தேவைப்படும். சீழுக்கு மருந்து ஊசியும், புழுவுக்கு 'அல்பெண்டசோல்' மாத்திரையும் கொடுப்பார்கள்.

வயிற்றைத் திறந்ததும் டாக்டர் கட்டியில் கத்தி வைப்பதில்லை. முதலில் அதைச் சுற்றித் துணிகளை அடுக்குகிறார். எல்லாம் உப்புத் தண்ணீரில் நனைத்தவை! கடல் நீரைவிடப் பல மடங்கு கரிக்கும் அந்த நீர், சிந்தும் புழுக்குஞ்சுகளைக் கொன்றுவிடும்.

பிறகு ஊசியால் நீரையும் சீழையும் உறிஞ்சுகிறார். பையைத் திறந்தால் உள்ளே வெள்ளைச் சவ்வு. தாய்க்கட்டிக்குள் சேய்க்கட்டிகள் திராட்சைப் பழம்போல் கிடக்கும்! அத்தனையையும் எடுக்கிறார். பித்தம் கசியும் ஓட்டை இருந்தால் தைக்கிறார். மிச்சச் சீழ் வடிய ஒரு குழாய் வைக்கிறார். வீடு திரும்பிய பிறகும் டாக்டர் சொல்லும் காலம்வரை மாத்திரை சாப்பிட வேண்டும். கட்டி திரும்ப வருகிறதா என்று ஸ்கேன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சிறு புத்தகம் செய்த வேலை

ஐஸ்லாந்து ஆடு வளர்க்கும் நாடு. 19-ம் நூற்றாண்டில் அங்கே இந்த நோய் மலிந்திருந்தது. டென்மார்க் டாக்டர் ஹரால்ட் கிராபே 1863-ல் அங்கு சென்று நாய்களை ஆராய்ந்தார். கால் பங்குக்கு மேற்பட்ட நாய்களில் புழு! நோய் வரும் வழியைச் சிறு புத்தகமாக எழுதினார். அது வீடுவீடாக இலவசமாகக் கொடுக்கப்பட்டது. மக்கள் படித்தார்கள். கெட்ட ஈரலை நாய்க்குப் போடாமல் அழித்தார்கள். 1869-ல் சட்டமும் வந்தது. 20-ம் நூற்றாண்டில் நோய் அந்த நாட்டைவிட்டே ஓடியது!

கத்தியால் ஓர் உயிரைக் காக்கலாம். படிப்பால் ஒரு நாட்டையே காத்தார்கள்.

 கறிக்கடை வாசலில் நாய்கள் காத்திருக்கும். கழிவு ஈரலை அவற்றுக்கு வீசாமல் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். வளர்ப்பு நாய்க்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் பூச்சி மருந்து கொடுங்கள். குழந்தைகளைச் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

வயிற்றில் கட்டி தட்டுப்படுகிறதா? உருவ வேண்டாம், சூடு போட வேண்டாம். பாளையங்கோட்டையில் 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. உடனே பஸ் ஏறுங்கள்!